கர்ண மோட்சமும் கருமாதி இரவும்

தொண்டை நாட்டுச் சிற்றூர்களில் ஒருவர் இறந்துபட்டால், அவருடைய கருமாதியை ஒட்டிய இரவில் தெருக்கூத்து ஆடுவிக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. காஞ்சிபுரம், செய்யாறு, திருவள்ளூர் முதலிய பகுதிகளில் இதனை இன்றும் காணலாம். வீட்டு வாயிலிலோ தெருமுனையிலோ களம் அமைத்து, இரவு தொடங்கி விடியுமளவும் ஆடுவர். ஆடப்பெறும் கதை பெரும்பாலும் ஒன்றே. அது கர்ண மோட்சம். பகடை துகில், அருச்சுனன் தபசு, அபிமன்னன் சண்டை, பதினெட்டாம் போர் எனப் பாரதக் கூத்துகள் பல உளவாகவும், இறந்தாரை நினைக்கும் இரவுக்கு இவ்வொன்றே உரியதாயிற்று. ஏன் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

ஊரார் கூறும் விடை எளியது. கன்னன் வீடுபேறு அடைந்தான்; அக்கதையை ஆடினால் இறந்தவரும் அடைவார் என்பர். கூத்தின் பெயரிலேயே மோட்சம் என்னும் சொல் நிற்றலின் இவ்விடை இயல்பாக எழுவதே. பிழையென யான் கூறவில்லை. ஆயினும் வீடுபேறு பெற்றோர் கதை தமிழகத்தில் அருகியதன்று. களத்தில் வீழ்ந்தோர் கதையும் அருகியதன்று. அபிமன்னன் இறந்த கதை எந்தத் தாயையும் அழச்செய்யும். அவற்றை எல்லாம் விடுத்து ஊரார் கன்னனையே நாடியதற்குக் காரணம் அக்கதையின் உள்ளமைப்பில் இருத்தல் வேண்டும். கன்னன் கதை, உறவு காலங்கடந்து அறியப்பட்ட கதை. உயிரோடிருந்த நாளில் ‘மகன்’ என்று அழைக்கப்படாதவன், உயிர் போகும் நேரத்தில் அவ்வாறு அழைக்கப்பட்டான். குடும்பம் தன்னுள் சொல்லாது வைத்திருந்ததைச் சொல்லுதற்கு உரிய இடமாகக் கருமாதி இரவு அமைகின்றது. ஆதலின் அவ்விரவு இக்கதையை வேண்டிற்று என்பது என் துணிபு.

இதனை நிறுவுதற்குச் சடங்கு, மீண்டும் மீண்டும் செய்தல் என்னும் இரண்டின் இயல்பைத் தமிழ் நூல்களிலிருந்து முதற்கண் காண்போம். நிகழ்த்துகலை பற்றி ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ரிச்சர்டு செக்னர், நிகழ்த்துதல் என்பது எக்காலத்தும் ஒருமுறை நிகழ்ந்ததை இரண்டாம் முறை நிகழ்த்துவதே என்றார். நம் புலவர்க்கு இது புதிய செய்தியன்று. புறநானூற்று 112ஆம் பாட்டு, தந்தையை இழந்த பாரி மகளிர் பாடியது. ஐந்தே அடிகளை உடையது. சென்ற திங்களின் நிலவையும் இந்தத் திங்களின் நிலவையும் எதிரெதிர் நிறுத்தி, முன்னர்க் கூறிய சொற்களையே பின்னரும் பெய்து, இடையில் இல்லாமற்போன ஒன்றை மட்டும் மாற்றிச் சொல்வது அதன் அமைப்பு. நிலவு மீண்டது; சொல் மீண்டது; தந்தையும் குன்றும் மீளவில்லை. மீளாத ஒன்றை அளந்து காட்டும் கோலாகவே அங்கு மீளும் சொல் பயன்படுகின்றது. இரங்கற்பாட்டு எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுவே எனலாம்.

சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதை இன்னும் ஒருபடி மேற்சென்றது. தேவந்தியும், காவற்பெண்டும், அடித்தோழியும் வஞ்சிக்கு வந்து சேர்கின்றனர். மூவரும் ஒருவர்பின் ஒருவராய்த் தம்மை இன்னார் என்று கூறிக்கொள்கின்றனர். பின்னர் ஒருவர்பின் ஒருவராய் அரற்றுகின்றனர். சொல்லின் முடிபு திரும்பத் திரும்ப ஒன்றாகவே வருகின்றது. அவர்கள் அரற்றுமிடத்துக் கூறுவன யாவை என்று நோக்குக. தாய் இறந்தது, மாமி இறந்தது, மாதவி துறவு பூண்டது முதலிய குடும்பச் செய்திகள்! கண்ணகி மதுரைக்குப் போன பின்னர் வீட்டில் நிகழ்ந்தவற்றை, அவள் தெய்வமாகி நின்ற விடத்தில், அவளிடமே வந்து தெரிவிக்கின்றனர். பத்தினிக் கடவுளின் பெருமையைப் பற்றி எழுதிய அறிஞர் பலர். இக்குடும்பச் செய்திப் பகுதியைப் பற்றி எழுதினோர் சிலரே. சேரன் கண்டது தெய்வம். இம்மூவரும் கண்டது தம் வீட்டுப் பெண்.

கல் நடுதலும் இங்கு நினைத்தற்குரியது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல் என வரும் துறைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்துரைக்கின்றது. வஞ்சிக் காண்டத்துக் காதைகள் அவ்வரிசையிலேயே பெயர் பெற்றன. போரில் பட்ட மறவர்க்கு உரியதாய் இருந்த இம்முறை, இன்றைய வீட்டுக் கருமாதியிலும் உருச் சிறுத்து வாழ்கின்றது. இறந்தாரின் உருவாக ஒரு சிறு கல்லை நட்டு, நாள்தோறும் நீர் வார்த்துப் பிண்டம் இட்டு, கடைநாளில் அக்கல்லை எடுத்து நீரில் விடுகின்றனர். மறவனின் கல் ஊர்ப்புறத்தே நின்று நிலைக்கும். வீட்டாரின் கல் நீரில் மறையும். கல்லில் பெயர் பொறிக்கப்பெறாத எளிய குடும்பத்துக்குப் பெயரைக் காத்து நிற்கும் இடம் சொல் ஒன்றே. நீர்க்கடன் ஆற்றுவோர் தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்லி எள்ளும் நீரும் இறைத்தல் எல்லோரும் அறிந்தது. அதன் முடிவில் வேறொரு நீரும் உண்டு. தாயும் தந்தையும் சுற்றமும் இல்லாதவர் யாரோ, அவர்க்கும் இந்நீர் சென்று சேர்க என்று பெயர் கூறாமல் விடப்படும் நீர் அது. பெயருடையோர்க்குப் பெயரால் நீர். பெயர் சொல்ல ஆளில்லாதவர்க்குப் பொதுவில் நீர். கன்னன் இவ்விரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தவன்.

இனிக் கன்னன் கதையின் வரலாற்றுக்கு வருவோம். இக்கட்டுரையின் உயிர்நிலை இதுவே.

வியாசர் பாரதத்தில் கன்னன் குந்தியின் மகன் என்பதைக் கண்ணனும் குந்தியும் போருக்கு முன்னரே கன்னனிடம் கூறிவிடுகின்றனர். பாண்டவரோ அறியார். கன்னன் களத்தில் வீழ்ந்த நாளிலும் அறியார்; தம் பகைவன் ஒழிந்தான் என்றே மகிழ்கின்றனர். போர் முற்றும் முடிந்தபின், ஸ்திரீ பருவத்தில், கங்கைக் கரையில் இறந்தோர்க்கு நீர்க்கடன் ஆற்றும் வேளையில்தான் குந்தி வாய் திறக்கின்றாள். கன்னனுக்கும் நீர் விடுக, அவன் உங்கள் மூத்தவன் என்கிறாள். தருமன் கலங்குகின்றான். நீர்க்கடனில் பெயர்களைச் சொல்லி வரும்போது ஒரு பெயர் விடுபடுகின்றதே என்பதுதான் தாயைப் பேசவைத்தது. சடங்கு கேட்டது, மறைத்து வைத்த உறவு வெளிப்பட்டது. அந்நீர்க்கடன் இல்லையாயின் குந்தி இறுதிவரை பேசியிருப்பாளோ என்பது ஐயமே.

வில்லிபுத்தூரார் இவ்விடத்துக்கு வரவேயில்லை. அவர் பத்துப் பருவங்களையே பாடினார். சௌப்திக பருவத்தோடு அவர் நூல் முடிகின்றது. ஆகவே கங்கைக் கரைக் காட்சிக்கு அவர் நூலில் இடமில்லை. இடமில்லாத காட்சியை அவர் விட்டுவிடவும் இல்லை. பதினேழாம் போர்ச் சருக்கத்தில், கன்னன் அம்பு தைத்துக் கிடக்கையில், கண்ணன் மறையவர் வடிவில் வந்து அவன் செய்த புண்ணியம் அனைத்தையும் இரந்து பெறுகின்றான். கன்னன் குருதியால் தாரை வார்க்கின்றான். அதன்பின் குந்தி களத்துக்கே ஓடிவந்து, மகனை மடிமேல் எடுத்து, எல்லோரும் காணப் பாலூட்டி அழுகின்றாள். வடநூலில் இறந்தபின் நீரால் நிகழ்ந்த அறிமுகம், தமிழில் உயிர் உள்ளபோதே பாலால் நிகழ்கின்றது. இம்மாற்றம் வில்லியார் தம் கற்பனையோ, அவர்க்கு முன்னரே தமிழகத்தில் வழங்கிய கதையோ, எதுவாயினும் தமிழர் நெஞ்சில் நின்றது இதுவே. பின்னர் வந்த நல்லாப்பிள்ளை, திருவள்ளூர் மாவட்டத்து முதலம்பேட்டினர். எஞ்சிய பருவங்களையும் சேர்த்துப் பதினெட்டும் நிரப்பினார். எனினும் மக்கள் கலை பற்றிக்கொண்டது மடிமேல் மகனைக் கிடத்திய குந்தியைத்தான். 1964இல் பி. ஆர். பந்துலு எடுத்த கர்ணன் திரைப்படத்திலும் எம். வி. ராஜம்மா குந்தியாய் வந்து களத்தில் அழுத காட்சியே தமிழகம் எங்கும் பேசப்பட்டது.

கூத்துப் பனுவலான கர்ண மோட்சம் புகழேந்திப் புலவர் பெயரால் வழங்குகின்றது. நளவெண்பா இயற்றிய புகழேந்தி அவரல்லர் என்பது நடை ஒன்றாலேயே தெளிவாகும். நாட்டார் நூல் பலவற்றைப் பெரும்புலவர் ஒருவர் தலையில் ஏற்றுதல் அச்சகத்தார்க்கும் புலமையில்லாப் பதிப்பாளர்க்கும் வழக்கம். அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டா. இந்நூலை ஹன்னே டி புரூயின் ஆங்கிலத்தில் பெயர்த்து 1998இல் புதுச்சேரியிலிருந்து வெளியிட்டார். கூத்தில் கன்னன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் பகுதி நெடிது விரியும். கணவன் பிறப்பை ஐயுற்று ஒதுங்கி வாழ்ந்தவள் அவள். தேர்ப்பாகன் மகன் என்ற இழிசொல் அரசவையில் மட்டுமன்றித் தன் இல்லத்துள்ளும் கன்னனைத் தொடர்ந்தது என்பதைக் கூத்து மறவாமல் காட்டுகின்றது. களத்துக்குப் போகுமுன் வீட்டைத் தீர்த்துக்கொண்டு போகவேண்டியவனாய் அவன் நிற்கின்றான். குந்தியின் புலம்பல் குழுவுக்குக் குழு விரியவும் சுருங்கவும் செய்யும்.

ஆகக் கதை சென்ற வழியைக் காண்க. வடநூலில் அது நீர்க்கடனில் தோன்றிற்று; தமிழ்க் காப்பியத்தில் களத்துக்கு இடம் பெயர்ந்தது; ஊர்க்கூத்து அதனை மீண்டும் நீர்க்கடனுக்கே கொண்டுவந்து சேர்த்தது. இதனை ஊரார் நூல் ஒப்புநோக்கிச் செய்திருத்தல் இயலாது. இறந்தார் சடங்கில் விடுபட்ட பெயர் ஒன்று எப்போதும் இருக்கும் என்னும் பட்டறிவே வழிகாட்டியது போலும்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்குக் கூறிய நான்கு நிலைக்களன்களையும் இங்கு வைத்துப் பார்க்கலாம். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அவை. பிறரால் இகழப்படுதல், உரியோரை இழத்தல், இருந்த நிலையினின்று தாழ்தல், துய்க்கப் பெறாமை எனச் சுருக்கமாகப் பொருள் கொள்வோம். நான்கும் ஒருங்கே பொருந்தும் தலைவன் நம் கதைகளில் அரியன். கன்னன் இகழப்பட்டவன், பிறந்த அன்றே தாயை இழந்தவன், கவசமும் குண்டலமும் கொடுத்துத் தாழ்ந்தவன், ஈட்டிய புண்ணியத்தையும் ஈந்து வறியனாய் இறந்தவன். இறந்தவர் எவராயினும், அவர்பொருட்டு அழுவோர் தம் அழுகைக்குரிய காரணத்தை இந்நான்கனுள் ஒன்றில் கண்டுகொள்வர். அபிமன்னன் கதையில் இழவு ஒன்றே உண்டு.

கூத்தின் வடிவமும் இப்பணிக்கு ஏற்றதாய் உள்ளது. பாத்திரம் ஒவ்வொன்றும் திரைக்குப் பின்னின்று பாடி, திரை விலக வெளிப்பட்டு, தன்னை இன்னார் என்று கட்டியக்காரனுக்குக் கூறிக்கொள்ள வேண்டும். பார்ப்போர் நூறுமுறை பார்த்த கன்னனே ஆயினும் அவன் தன் பெயரையும் பெருமையையும் சொல்லியே தீர்வான். பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர் வாங்கித் திருப்பிப் பாடுவர். முகவீணை அதனை மூன்றாம் முறை இசைக்கும். கட்டியக்காரன் அதனையே எளிய பேச்சில் நான்காம் முறை சொல்லி, இடையே எள்ளலும் சேர்ப்பான். புதுமை விரும்புவோர் இதனைக் குறையென்பர். இரவு முழுவதும் விழித்திருக்கும் கூட்டத்தில், முதன்முறை கேட்டபோது கதையாய் நின்ற சொல் நான்காம் முறை கேட்கும்போது கேட்பவரின் சொந்தச் சொல்லாகி விடுகின்றது. சேவகன் அழும் அழுகை வேறு, நம் அழுகை வேறு என்ற எல்லை அழிவதற்குக் காலம் வேண்டும். மீட்டுப் பாடுதல் அக்காலத்தைத் தருகின்றது.

இன்னொன்றும் உண்டு. ஒப்பாரி பெண்டிர் கலை. தெருக்கூத்தோ அண்மைக் காலம்வரை ஆடவர் மட்டுமே ஆடியது. ஆகவே கருமாதி இரவில் குந்தியாய் வந்து ஒப்பாரி வைப்பவன் ஓர் ஆடவன். அவனைச் சுற்றி அமர்ந்து கேட்போர், பதினைந்து நாளாக ஒப்பாரி வைத்து ஓய்ந்த அவ்வீட்டுப் பெண்டிர். அவர்கள் தந்ததையே அவன் அவர்கட்குத் திருப்பித் தருகின்றான். வீட்டில் அழுதபோது அவர்கள் அழுதவர். களத்தில் அவர்கள் தம் அழுகையைக் காண்பவர். 1990இல் பெ. இராஜகோபால் முதலியோர் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தபின், பெண்பிள்ளைகளும் இக்கலையைப் பயின்று ஆடினர். பெண்ணே குந்தியாய் வரும்போது இம்முறை எவ்வாறு மாறும் என்பது தனியே ஆராயத்தக்கது.

போலந்து நாட்டு நாடக ஆசிரியர் ததேயுஷ் காந்தோர் 1980இல் பிளாரன்சு நகரில் ‘வியெலோபோலே, வியெலோபோலே’ என்னும் நாடகத்தை அரங்கேற்றினார். வியெலோபோலே அவர் பிறந்த ஊர். அப்பெயரை இருமுறை சொல்லுவதே நாடகத்தின் தலைப்பு. போருக்குச் சென்று குடும்பத்துக்கு மீளாத தந்தை, தாய், மாமன்மார் எல்லோரும் மேடையில் ஓர் அறைக்குள் வந்து, செய்ததையே செய்து, சொன்னதையே சொல்லிப் போவர். காந்தோர் தாமும் மேடையில் நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். நினைவு என்பது ஒழுங்காக ஓடும் கதையன்று, ஒரு சில அசைவுகள் திரும்பத் திரும்ப வருவதே என்று அவர் கண்டது உண்மை. நம் கூத்துக்கும் அதற்கும் உள்ள வேற்றுமை, அவர் தம் குடும்பத்தையே மேடையேற்றினார் என்பது. நம் ஊரார் தம் குடும்பத்தைக் களத்தில் ஏற்றுவதில்லை. அரவம் இல்லாமல் குந்தியின் குடும்பத்துக்குள் ஒளித்து வைப்பர். சென்னையில் 1977இல் ந. முத்துசாமி முதலியோர் தொடங்கிய கூத்துப்பட்டறையும், புரிசை கண்ணப்பத் தம்பிரானின் துணையும், தெருக்கூத்தை நகர அரங்குக்கு அறிமுகம் செய்தன. அதனால் கலைக்கு நன்மை விளைந்தது. ஆனால் நுழைவுச்சீட்டு வாங்கி அமர்ந்திருக்கும் அவையில் இறந்தவர் ஒருவர் இல்லை என்பதையும் கூறத்தான் வேண்டும்.

2018ஆம் ஆண்டு ஆவணித் திங்களில் வேப்பம்பட்டில் ஒரு கருமாதி இரவில் யான் அமர்ந்திருந்தேன். சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் வழியில் திருநின்றவூரை அடுத்து உள்ளது இவ்வூர். 1856இல் இராயபுரத்திலிருந்து போடப்பட்ட தென்னாட்டின் முதல் பயணியர் இருப்புப்பாதை இவ்வழியே செல்வது. வயல்கள் மனைகளாகி, வேற்றூரார் பலர் குடியேறிவிட்டமையின், கருமாதிக்குக் கூத்து வைக்கும் வீடு இங்கு அருகிவிட்டது. அன்று அவ்வீட்டார் வைத்ததும் இறந்தவர் உயிரோடிருந்தபோதே விரும்பிக் கேட்டதனால். ஒலிபெருக்கி பற்றிப் பக்கத்துக் குடியிருப்பார் இருமுறை வந்து முறையிட்டுப் போயினர். பார்ப்போர் தந்த அன்பளிப்பைக் கட்டியக்காரன் பெயர் கூறி அறிவித்துக்கொண்டிருந்தான். நள்ளிரவுக்குப் பின் கூட்டம் பாதியாயிற்று.

விடியற்காலையில் குந்தி வந்தாள். மகனே என்று ஓர் அடி. பின்பாட்டு அதனை வாங்கியது. மீண்டும் ஓர் அடி. இறந்தவரின் மனைவி, எழுபதைக் கடந்த முதியவர், சுவரோரம் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். மூன்றாம் முறை அவ்வடி வந்தபோது ஒரு பெயரைச் சொல்லி, “என் மூத்தவனே” என்று அழுதார். அது கணவர் பெயரன்று. அங்கிருந்த மகனுக்கும் மகளிர்க்கும் அப்பெயர் தெரியாது. மகன் என் பக்கம் திரும்பி, யாரைச் சொல்கிறார் என்று வினவினார். எனக்கு எவ்வாறு தெரியும்? கூத்து நிற்கவில்லை. குந்தி வேடத்தவர் அம்முதியவரை நோக்கி நகர்ந்து, அவர்முன் அமர்ந்து, அதே அடியை மீண்டும் எடுத்தார்.

பின்னர் அறிந்தது இது. இப்போதுள்ள மகன் பிறப்பதற்கு முன் ஓர் ஆண் மகவு பிறந்து, நான்கு வயதளவில் காய்ச்சலில் இறந்தது. அதன்பின் அப்பெயரை வீட்டில் எடுக்கக்கூடாதென்று கணவர் கூறிவிட்டார். ஐம்பது ஆண்டுக்கு மேலாக எடுக்கப்படவில்லை. இந்நிகழ்ச்சி ஒன்றைக்கொண்டு பொதுவிதி வகுத்தல் ஆராய்ச்சி நெறியன்று என்பதை அறிவேன். ஆயினும் தருமன் கங்கைக் கரையில் தனக்கு ஒரு மூத்தவன் இருந்தான் என்று அறிந்ததும், அம்மகன் வேப்பம்பட்டுத் தெருவில் அறிந்ததும் ஒரே செய்தியாய் அமைந்தமையை ஒதுக்கிவிட இயலவில்லை.

ஓராண்டு நிறைந்தபின், 2019ஆம் ஆண்டுப் புரட்டாசி அமாவாசையன்று அவர் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்துக்குச் சென்றார். உடன்வர என்னையும் அழைத்தார். குளக்கரையில் பெருங்கூட்டம். தந்தை, பாட்டன், பூட்டன் பெயர்கள் முடிந்தன. வேறு யாருக்கேனும் உண்டா என்று புரோகிதர் வினவினார். அவர் அப்பெயரைச் சொன்னார். என்ன முறை என்று புரோகிதர் கேட்டார்.

“அண்ணன்” என்றார்.